பரீட்சையில் தோற்ற நாணயங்கள்

பரீட்சை உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நாணயத்துக்கும் உண்டு.

ஓர் அரசாங்கம் புதிய நாணயம் வெளியிட முடிவெடுத்தால், மறுநாளே லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிவிடாது. முதலில் ஒரு சில மட்டும் அடித்துப் பார்ப்பார்கள். உலோகம் அச்சுக்கு ஒத்துவருகிறதா? ஓவியத்தின் மெல்லிய கோடுகள்கூடத் தெளிவாக விழுகின்றனவா? சட்டைப் பைக்குள் கைவிட்டுத் தடவினால் வேறு காசோடு குழம்புமா? கள்ள நாணயக்காரன் எளிதில் செய்துவிடுவானா? இவற்றைச் சோதிப்பதற்காக அடிக்கப்படுவதுதான் மாதிரி நாணயம். தேறினால் அதே வடிவம் நாடெங்கும் புழங்கும். தோற்றால், அந்தச் சில நாணயங்களோடு கதை முடிந்தது.

வேடிக்கை இங்கேதான். தேறிய நாணயம் கோடிக்கணக்கில் பெருகி மலிவாகிவிடுகிறது. தோற்றது அபூர்வமாகி, நூறு ஆண்டு கழித்து ஏலத்தில் பெரிய விலைக்குப் போகிறது. நாணயம் சேகரிப்பவர்களிடையே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் அடிக்கப்பட்ட மாதிரிகளுக்குத் தனி மவுசு உண்டு. சிலவற்றில் ‘ப்ரோபே’ என்ற சொல்லே பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மன் மொழியில் அதற்குச் சோதனை என்று பொருள்.

அம்பாங்கில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன் காசைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? காரணம் உலோகம். அதிலும் நம் காலடியில் கிடந்த ஓர் உலோகம்.

நாணயம் அடிப்பது எப்படி என்று முதலில் பார்த்துவிடுவோம். கடினமான எஃகில் இரண்டு அச்சுகள் செய்வார்கள்: தலைக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று. எழுத்தும் படமும் அவற்றில் தலைகீழாக, குழியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே வெறும் உலோக வில்லையை வைத்துப் பல டன் அழுத்தம் கொடுத்தால், உலோகம் குழிகளுக்குள் பாய்ந்து மேடாக எழும். ஆனால் அச்சு வெட்டும் கலைஞர் பாதி வேலையில் இருக்கும்போதே, ‘இந்த மூக்கு சரியாக வந்திருக்கிறதா’ என்று பார்க்க ஆசைப்படுவார். இன்னும் கடினப்படுத்தாத அச்சைப் பெரிய இயந்திரத்தில் வைத்து அழுத்த முடியாது. அதனால் வெள்ளீயத்தையோ காரீயத்தையோ உருக்கிக் காகிதத்தின்மேல் ஊற்றி, அது இறுகும் நேரம் பார்த்து அச்சை அதில் அழுத்துவார். ஒரு பக்கம் மட்டும் படம் பதிந்த மெல்லிய தகடு கிடைக்கும். ஐரோப்பிய நாணயச் சாலைகளில் இது பழைய வழக்கம். அப்படிப்பட்ட தகடுகளும் இன்று சேகரிப்புப் பொருள்கள்தாம்.

இதற்கு வெள்ளீயம் ஏன் பொருத்தம்? அது 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். செம்பு உருக 1,085 பாகை வேண்டும். வெள்ளீயம் மென்மையானதும்கூட.

அம்பாங்கின் உலோகம்

நம் வீடுகளில் ‘ஈய லம்பம்’ என்று பெரியவர்கள் சொல்வதில் வரும் ஈயம் இந்த வெள்ளீயம்தான். நச்சுத்தன்மையுள்ள காரீயம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1857-இல் 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளானிலிருந்து ஆற்றுவழியே வந்து, கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடத்தில் இறங்கி, காட்டுக்குள் நடந்து அம்பாங்கில் ஈயம் தோண்டத் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்குள் அவர்களில் 69 பேரை மலேரியா கொண்டுபோனது. ஆனாலும் தோண்டுவது நிற்கவில்லை. அந்த ஈயத்தை ஏற்றி இறக்க எழுந்த ஆற்றங்கரைக் கடைத்தெருதான் கோலாலம்பூராக வளர்ந்தது. அம்பாங் என்ற பெயரே ஆற்றுநீரை மறிக்கும் அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. ஈயம் கழுவுவதற்கு நீரைத் தேக்கி வைக்க வேண்டுமே!

அதற்கு வெகு காலம் முன்பே இந்த மண்ணில் ஈயமே காசாக இருந்தது. பகாங்கில் சதுர விளிம்புள்ள தொப்பி போன்ற ஈயக் காசுகள் புழங்கின. அவற்றுக்குத் ‘தம்பாங்’ என்று பெயர். (அம்பாங்குக்கும் தம்பாங்குக்கும் ஓசையில் மட்டும்தான் உறவு.) பேராவிலும் சிலாங்கூரிலும் முதலை, யானை, ஆமை, சேவல் உருவங்களில் ஈயத்தை வார்த்தார்கள். இவை அச்சில் அடித்தவை அல்ல, உருக்கி ஊற்றியவை. 232 பாகைதானே, விறகு அடுப்பே போதும்.

எளிதில் உருகுவது ஈயத்தின் பலம். காசாகும்போது அதுவே பலவீனம். யார் வேண்டுமானாலும் வீட்டில் கள்ளக் காசு வார்த்துவிடலாம். 1680-களில் இங்கிலாந்து ஈயத்தில் சில்லறைக் காசு அடித்தபோது, கள்ளத்தனத்தைத் தடுக்க நடுவில் ஒரு சிறு செம்புத் துண்டைச் செருகியது. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடும். ஈயம் வேகமாக அரித்துப்போனது. அந்தக் காசுகளில் அரிக்காதது கிடைப்பது இன்று அரிது.

குளிர்நாடுகளில் ஈயத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 13 பாகைக்குக் கீழே தூய வெள்ளீயத்தின் அணுக்கள் மெல்ல வேறு வரிசைக்கு மாறத் தொடங்கும். அடர்த்தி 7.3-லிருந்து 5.8 ஆகக் குறைந்து, உலோகம் உப்பிச் சாம்பல் நிறத் தூளாகிவிடும். இதை ‘ஈய நோய்’ என்பார்கள். கோலாலம்பூர் வெப்பத்தில் அந்த நோய் அண்டாது.

ஜெர்மனிக்கு வந்த சிக்கல்

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். அங்கே 100 பெனிக் சேர்ந்தால் 1 மார்க். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 10 பெனிக் காசு 21 மில்லிமீட்டர் அகலம், வெள்ளியாலான 1 மார்க் 24 மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே 25 பெனிக் காசு ஒன்று வேண்டும் என்று முடிவாயிற்று. இருக்கிற இடமோ 3 மில்லிமீட்டர்! அதற்குள் குழப்பம் வராத ஒரு வட்டத்தை நுழைக்க வேண்டும். அதனால்தான் 1908 வாக்கில் விதவிதமான 25 பெனிக் மாதிரிகள் பிறந்தன, நடுவில் துளை போட்டவை உட்பட. கடைசியில் தேறியது 23 மில்லிமீட்டரில் துளையில்லாத தூய நிக்கல் காசு. 1909-இல் வந்தது, 1912-க்குப் பிறகு அடிக்கவில்லை. பரீட்சையில் தேறியும் வாழ்க்கையில் தேறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துளைக்காசு நம்மவர்களுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது செம்பை மிச்சப்படுத்த 1943-இல் இந்தியாவில் வந்த ஓட்டைக் காலணாவை வைத்துத் தமிழில் ஒரு வசவே உண்டு.

அந்த 25 பெனிக் காசில் ஓர் இயற்பியல் பாடம் இருக்கிறது. தூய நிக்கலைக் காந்தம் இழுக்கும். ஆனால் அதே காலத்து 10 பெனிக் காசு, முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்தது. அதைக் காந்தம் தொடவே தொடாது. எந்தக் காந்த உலோகமும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேலே காந்தத்தன்மையை இழந்துவிடும். நிக்கலுக்கு அது ஏறத்தாழ 358 பாகை. செம்பைக் கலக்கக் கலக்க அந்த எல்லை கீழே இறங்கிக்கொண்டே வரும். முக்கால் பங்கு செம்பு சேர்ந்ததும் அறை வெப்பநிலைக்கும் கீழே போய்விடுகிறது. இரண்டு வெள்ளைக் காசுகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், ஒரு சிறு காந்தம் பிரித்துக் காட்டிவிடும்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியின் கடல்வழியை அடைத்தது. செம்பு பீரங்கிக் குண்டுக்கு வேண்டும், நிக்கல் கவச எஃகுக்கு வேண்டும். காசுக்கு என்ன மிச்சம்? 1915-இல் 5 பெனிக் இரும்புக்கு மாறியது. 1916-இல் 10 பெனிக்கும் இரும்பானது. 1 பெனிக் அலுமினியமானது. 1917-இல் 10 பெனிக் துத்தநாகத்திலும் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனை வேண்டுமல்லவா? இரும்பு துருப்பிடிக்கும், அச்சையும் சீக்கிரம் தேய்த்துவிடும். துத்தநாகம் மங்கிப்போகும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லலாம். ஆனால் பிரிட்டன் 1907 வாக்கில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் அலுமினியக் காசு அனுப்பி, வெப்பமண்டல ஈரத்தில் அது அரிப்பதைக் கண்டு, ஓரிரண்டு ஆண்டுகளில் செம்பு-நிக்கலுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

போர் முடிந்த பின்பும் பஞ்சம் தீரவில்லை. சாக்சனி மாநிலம் 1920-லும் 1921-லும் காசைக் களிமண்ணிலேயே சுட்டுப் பார்த்தது! பீங்கானுக்குப் பேர்போன மைசன் நகரத் தொழிற்சாலை, செம்பழுப்பு நிறச் சுடுமண்ணில் நாணயங்கள் செய்தது. களிமண் சூளையில் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். உலோகமே செலவாகாது என்பது லாபம். கீழே விழுந்தால் உடையும் என்பது நட்டம். 1923-இல் 500 மார்க் மதிப்புள்ள அலுமினிய நாணயம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டிய நிலை. அந்த நாணயத்தால் என்ன வாங்கியிருக்க முடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. ‘ரூபி’ என்று பொறித்த ஜெர்மன் நாணயங்களும் உண்டு. இன்றைய தான்சானியாவை உள்ளடக்கிய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் வணிகம் இந்திய ரூபாயில்தான் நடந்தது. அதனால் ஜெர்மானியரும் அதே எடையில், அதே வெள்ளித் தரத்தில் தங்கள் ‘ரூபி’யை அடித்தார்கள், சில்லறைக்கு ‘பெசா’, அதாவது நம் பைசா. 1916-இல் போரினால் ஜெர்மனியிலிருந்து காசு வராமல் போகவே, தபோரா நகரின் ரயில் பட்டறையில் வெடித்த குண்டுகளின் பித்தளை உறைகளைக் கொண்டு சில்லறை அடித்தார்கள்.

உண்மையா, போலியா?

இத்தகைய பொருளுக்கு விலை ஏறினால் அடுத்து என்ன வரும்? போலி வரும். மாதிரி நாணயத்தில் இது இன்னும் சிக்கல். காரணம், அரசாங்கம் கேட்காமலே மாதிரி செய்தவர்களும் உண்டு. மியூனிக் நகரத்துக் கலைஞர் கார்ல் கோட்ஸ் (1875–1950) பதக்கங்களோடு, இப்படியும் நாணயம் இருக்கலாமே என்று தம் சொந்த யோசனையில் பல மாதிரிகளைச் செய்தார். ஒரே வடிவம் வெள்ளியில், வெண்கலத்தில், அலுமினியத்தில் என்று கிடைக்கும். சேகரிப்பாளர்கள் அவற்றையும் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் அரசு நாணயச் சாலை அடித்த மாதிரியும் இதுவும் ஒன்றல்ல. அச்சு பத்திரமாக இருக்கும்வரை, எத்தனை ஆண்டு கழித்தும் அதில் மறுபடி அடிக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கோட்ஸின் மிகப் பிரபலமான படைப்பு ஒரு பதக்கம். 1915 மே 7-இல் ஜெர்மன் நீர்மூழ்கி லூசிடானியா என்ற பயணிக் கப்பலை மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். அதைப் பற்றிய பதக்கத்தில் கோட்ஸ் தேதியை மே 5 என்று தவறாகப் போட்டுவிட்டார். ‘பாருங்கள், முன்கூட்டியே திட்டமிட்ட கொலை’ என்று சொல்லிப் பிரிட்டன் அதன் நகல்களை லட்சக்கணக்கில் செய்து பெட்டியில் போட்டு விற்றது. கோட்ஸ் வார்த்தது வெண்கலம், நகல் இரும்பு. மூலத்தில் ‘மாய்’ என்று ஜெர்மன் மொழியில் இருக்கும் மாதப் பெயர் நகலில் ஆங்கில ‘மே’ ஆகியிருக்கும். ஆகவே ஒரு காந்தமும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் பாதி வழக்குத் தீர்ந்தது.

காந்தம் கைகொடுக்காத இடத்தில் அடர்த்தி கைகொடுக்கும். இதற்கு நம் நாட்டு நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். பத்து ரிங்கிட்டை நாம் ஏன் ‘பத்து வெள்ளி’ என்கிறோம்? அந்தக் காலத்து டாலர் உண்மையிலேயே வெள்ளி நாணயம். 1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று வந்த டாலரின் எடை 26.95 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி. பம்பாய் நாணயச் சாலையில் அடித்தவற்றில் ‘பி’ எழுத்து இருக்கும். பிறகு வெள்ளியின் விலை ஏறியது. நாணயத்தை உருக்கி விற்றாலே லாபம் என்ற நிலை நெருங்கவே, 1907-இல் எடையை 20.2 கிராமாகக் குறைத்தார்கள். பெரிய டாலருக்கு இன்று சேகரிப்பாளர் மத்தியில் நல்ல மதிப்பு. ஆகவே போலிகளும் ஏராளம்.

பாட்டியின் பெட்டியில் ஒன்று இருந்தால், கேட்டு வாங்கி இப்படிச் சோதியுங்கள். கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் மின்னணுத் தராசு வேண்டும். முதலில் நாணயத்தை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, காட்டியைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாதபடி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர். ஆகவே அந்த எண்தான் நாணயத்தின் கனஅளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. ஆர்க்கிமிடிஸ் கற்றுத்தந்ததுதான்.

நல்ல 1903 டாலர் தண்ணீரில் சுமார் 2.61 காட்டும். 26.95-ஐ 2.61-ஆல் வகுத்தால் 10.3. வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பின் அடர்த்தி 8.96, ஒன்பது பங்கும் ஒரு பங்கும் கலந்தால் 10.3 சரியே. அதே அளவில் செம்பு-நிக்கலில் செய்த போலி 23.3 கிராம்தான் இருக்கும், அடர்த்தி 8.9 என்று வரும். புழங்கித் தேய்ந்த நாணயத்துக்கு எடை குறையும், அடர்த்தி மாறாது. இந்தச் சோதனையின் அழகே அதுதான். நாணயத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. இரும்புக் காசைத் தண்ணீரில் போடாதீர்கள், துருப்பிடிக்கும். அதற்குக் காந்தமே போதும்.

நகைக்கடைகளில் எக்ஸ் கதிர் கருவி வைத்துத் தங்கத்தின் தரம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது நொடியில் கலவையைச் சொல்லிவிடும். ஆனால் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். முலாம் தடிமனாக இருந்தால் ஏமாறும்; தண்ணீர் ஏமாறாது. தண்ணீரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: டங்ஸ்டன். அதன் அடர்த்தி தங்கத்தோடு ஏறத்தாழ ஒன்று, இரண்டும் 19.3. ஆகவே தங்கத்துக்கு அடர்த்தி ஒன்றை மட்டும் நம்பக்கூடாது.

பழைய அச்சில் பிற்பாடு அதே உலோகத்தில் அடித்த மாதிரி நாணயம், காந்தம், அடர்த்தி, எக்ஸ் கதிர் மூன்றிலும் தேறிவிடும். உலோகம் ‘நான் யார்’ என்று சொல்லும். ‘எப்போது அடிக்கப்பட்டேன்’ என்று சொல்லாது. அதற்கு வேறு துப்பு வேண்டும். அச்சு காலப்போக்கில் விரிசல் விடும், துருவேறும். அந்தத் தழும்புகள் நாணயத்தில் மேடாக விழும். தழும்பில்லாதது முன்னது, தழும்புள்ளது பின்னது என்று வரிசைப்படுத்தலாம். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற பழைய ஏலப் பட்டியல்களும் சாட்சி. இதனால்தான் அனுபவசாலிகள் நாணயத்துக்கு முன்பு புத்தகத்தை வாங்குகிறார்கள்.

போலி நாணயம் நம் நாட்டையே ஆட்டிப்பார்த்திருக்கிறது. கெரிஸ் படம் போட்ட பொன்னிற ஒரு ரிங்கிட் நாணயத்தை உங்கள் பெற்றோர் நன்றாக நினைவு வைத்திருப்பார்கள். கள்ள நாணயம் பெருகவே, 2005 டிசம்பர் 7 முதல் அது செல்லாது என்று பேங்க் நெகாரா அறிவித்துவிட்டது. பரீட்சையில் ‘எளிதில் போலி செய்ய முடியுமா’ என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்று இப்போது புரிகிறதா?

சேகரிக்க ஆசை வந்துவிட்டால், முதல் விதி: கழுவித் தேய்க்காதீர்கள். புளி போட்டு விளக்கினால் குத்துவிளக்கு பளபளக்கும். பழைய நாணயத்துக்கு அது கேடு. நூறாண்டாகப் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதன் காவல். தேய்த்தால் அதுவும் போகும், விலையும் போகும். விரல் வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. விளிம்பைப் பிடித்து எடுங்கள். மென்மையான பி.வி.சி. உறைகளைத் தவிருங்கள். நம் ஊர் வெக்கையில் அவை சிதைந்து அமிலத்தைக் கக்கும். நாணயத்தில் பச்சைப் பசை படியும். காலணிப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் நாணயப் பெட்டிக்குள் போடுங்கள்.

ஜெர்மன் மாதிரி நாணயம் வாங்க நம்மிடம் பணம் இல்லை. அதனால் என்ன? தம்பாங்கையும் ஈய முதலையையும் காண, தாத்தோ ஓன் சாலையில் சாசானா கிஜாங்கிலுள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வீட்டிலேயே தொடங்க வேண்டுமென்றால், நாடாளுமன்றக் கட்டடம் போட்ட பழைய ஒரு காசுகள் உண்டியலில் இருக்கிறதா என்று கிளறிப்பாருங்கள். 1967-இல் வந்தபோது அது வெண்கலம். பிறகு, 1973-இல், உள்ளே எஃகு, மேலே செம்புப் பூச்சு என்று மாற்றிவிட்டார்கள். படமும் அதே, அளவும் அதே. எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, ஆண்டுவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின்மேலும் காந்தத்தைக் காட்டுங்கள். 1973 என்று போட்டவை எத்தனை கிடைக்கின்றன, அவற்றில் எத்தனை துள்ளி ஒட்டுகின்றன, எத்தனை அசையாமல் கிடக்கின்றன என்று குறித்துவையுங்கள்.